விற்றமின் சியும் கே3யும் சேர்ந்தால் புரொஸ்டேட் புற்றுநோய்க் கலத்துக்கு என்ன நடக்கிறது?

"விற்றமின் சியையும் கேயையும் சேர்த்து எடுத்தால் புரொஸ்டேட் கேன்சர் கரைந்துவிடும்." இப்படி ஒரு செய்தி வட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. காத்தான்குடியிலும் கேட்டிருக்கிறேன், களுவாஞ்சிகுடியிலும் கேட்டிருக்கிறேன். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவன். அதனால் அந்தச் செய்தி கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். "தம்பி, வாப்பாக்கு அந்த ரெண்டு விற்றமினையும் தாங்க. கிளினிக் ஊசிய இனி நிப்பாட்டலாம் எண்டு பாக்கிறம்."

கேட்கிறவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நோயாளியைக் கூட்டிக்கொண்டு விடியக்காலை பஸ் ஏறி, கிளினிக் வரிசையில் மத்தியானம் வரை இருந்தவருக்கு, வீட்டிலேயே குளிசையாகக் கொடுக்கலாம் என்ற சொல் எவ்வளவு ஆறுதல்! ஆனால் அந்த ஊசியை நிறுத்துவது உயிரோடு விளையாடும் காரியம். அதேநேரம் "அதெல்லாம் பொய்" என்று ஒரே வார்த்தையில் ஆளை அனுப்பிவிடவும் முடியாது. அந்தச் செய்திக்கு அடியில் உண்மையான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அது என்ன சொன்னது, எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் மீதியை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

புரொஸ்டேட்டைப் பற்றிக் கொஞ்சம்

புரொஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சிறிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சலம் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கிறது. விந்தோடு கலக்கும் ஒரு திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. வயது போகப் போகப் பலருக்கு இது வீங்கும். இரவில் பலமுறை எழும்ப வைக்கும், சலம் போக முக்க வைக்கும். அந்த வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. வீக்கம் இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை.

இந்தச் சுரப்பி பிஎஸ்ஏ என்ற புரதத்தை இரத்தத்துக்குள் சிறிதளவு விடுகிறது. புற்றுநோய் இருந்தால் அது கூடும். வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூடக் கூடும். ஆகவே பிஎஸ்ஏ ஒரு தடயம்தான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புரொஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டெரோனை நம்பி வளர்வது. சார்ள்ஸ் ஹகின்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1941 இல் இதைக் காட்டினார், 1966 இல் நோபல் பரிசும் பெற்றார். கிளினிக்கில் மாதக் கணக்கில் இடைவெளி விட்டுப் போடுகிற அந்த ஊசி, ஹோர்மோனை அடக்கி வைக்கிற ஊசி. அது தவறினால் ஹோர்மோன் திரும்ப ஏறும், அடங்கிக் கிடந்த கலங்களுக்கு மறுபடி வளரத் தெம்பு வரும்.

சாப்பாட்டில் உள்ள அளவும் சோதனையில் உள்ள அளவும்

வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான விற்றமின் சி ஏறத்தாழ 90 மில்லிகிராம். நல்ல கொய்யாப்பழம் ஒன்றே அதைத் தாண்டிவிடும். நாம் பேசப் போகிற சோதனையில் நோயாளிகளுக்குக் கொடுத்தது நாளைக்கு 5,000 மில்லிகிராம். அந்த அளவில் கொடுக்கும்போது அதை உணவுச் சத்து என்று நினைக்கக் கூடாது. அது மருந்து. மருந்துக்குரிய நன்மையோடு மருந்துக்குரிய தீமையும் அதற்கு உண்டு.

விற்றமின் கேயில் குழப்பம் இன்னும் கூட. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை போன்ற கீரைகளில் இருப்பது கே1. குடலில் வாழும் பக்டீரியாக்கள் செய்வதும், புளிக்கவைத்த சில உணவுகளில் இருப்பதும் கே2. இரண்டும் இரத்தம் உறைய உதவுபவை. ஆராய்ச்சிகளில் பேசப்படுவதோ கே3. இதற்கு மெனாடியோன் என்று பெயர். ஆய்வுகூடத்தில் செய்யப்படுவது, கோழித் தீனியிலும் விலங்குத் தீனியிலும் சேர்க்கப்படுவது. முன்னொரு காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இதை ஊசியாகப் போட்டார்கள். கூடிய அளவில் போட்டபோது சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வந்தது. அதனால் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டு, கே1 வந்தது. (இன்று பிரசவ விடுதியில் குழந்தைக்குப் போடுவது அந்தப் பாதுகாப்பான கே1 தான். கே3 பற்றிய கதையைக் கேட்டுவிட்டு யாரும் அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குழந்தையின் மூளைக்குள் இரத்தம் கசியாமல் காப்பது அது.)

மருந்துக்கடையில் "விற்றமின் கே" என்று கிடைக்கிற போத்தலில் பெரும்பாலும் இருப்பது கே1 அல்லது கே2. ஆகவே வட்ஸ்அப்பைப் பார்த்து வாங்குகிறவர் சோதனையில் பயன்பட்ட பொருளையே வாங்குவதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஆராய்ச்சி நடந்தது மிகப் பெரிய அளவு விற்றமின் சியோடும், நாம் சாப்பாட்டில் காணாத கே3 என்ற செயற்கைப் பொருளோடும்.

இலத்திரனைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும்

பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் தூசு தட்டுவோம். அணுக்களைச் சுற்றி இருக்கும் மிகச் சிறிய துகள் இலத்திரன். ஒரு பொருள் இலத்திரனை இழந்தால் அதற்கு ஒட்சியேற்றம் என்று பெயர். கலத்தின் உறுப்புகள் கண்டபடி ஒட்சியேற்றப்பட்டால் கலம் சேதமாகும். அந்தச் சேதத்தைத் தடுக்க, தன் இலத்திரனைத் தானமாகக் கொடுக்கிற பொருளை ஒட்சியேற்ற எதிரி என்கிறோம். விற்றமின் சி அப்படிப்பட்டது.

"விற்றமின் சி நல்லது" என்ற பேச்சு இங்கேதான் நின்றுவிடுகிறது. கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, கொடுத்த இலத்திரன் யார் கைக்குப் போகிறது என்பது. சேதமாகிற கலத்தின் உறுப்புக்குப் போனால் பாதுகாப்பு. ஒட்சிசனுக்குப் போனால் நிலைமை தலைகீழாகிறது. கூடுதல் இலத்திரன் ஏறிய ஒட்சிசன் முதலில் சுப்பரொட்சைட்டு என்ற மூர்க்கமான பொருளாகிறது. அது பிறகு ஐதரசன் பேரொட்சைட்டாக மாறுகிறது. காப்பாற்றும் அதே விற்றமின் சி, சூழ்நிலை மாறும்போது நஞ்சை உண்டாக்க உதவுகிறது.

ஆனால் விற்றமின் சி தானாக ஒட்சிசனுக்கு இலத்திரனைக் கொடுப்பது மெதுவாகத்தான் நடக்கும். நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கே3.

குருமண்வெளித் துறையில் நின்று பார்த்தால்

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் களப்பில் ஓடுகிற பாதையை, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் மிதவையை, நினைத்துக்கொள்ளுங்கள். எழுவான்கரைப் பக்கம் ஆட்கள் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாக நிற்கிறார்கள். நடுவில் களப்பு. நீந்திப் போகிறவர் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம், மற்றவர்கள் பாதை வரும்வரை நிற்க வேண்டியதுதான். பாதை வருகிறது, ஏற்றுகிறது, படுவான்கரையில் இறக்குகிறது, வெறுமையாகத் திரும்பி வருகிறது, மறுபடி ஏற்றுகிறது.

எழுவான்கரையில் நிற்கிற ஆட்கள் இலத்திரன்கள். அவர்களைக் கொண்டுவந்து துறையில் சேர்த்தது விற்றமின் சி. அக்கரையில் இருப்பது ஒட்சிசன். பாதை கே3. கே3 விற்றமின் சியிடம் இலத்திரனை வாங்கும், ஒட்சிசனிடம் இறக்கும், பழையபடி ஆகும், திரும்ப வாங்கும். இந்த ஓட்டத்துக்கு ரெடொக்ஸ் சுழற்சி என்று பெயர். ஒவ்வொரு நடைக்கும் அக்கரையில் கொஞ்சம் பேரொட்சைட்டு சேர்கிறது.

இரண்டையும் சேர்க்கும்போது ஏன் விற்றமின் சி 100 பங்கு, கே3 வெறும் 1 பங்கு என்பது இப்போது விளங்கும். மண்டூர் முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தாலும் ஆளுக்கொரு பாதை கட்டுவதில்லை. பாதை செலவாகிப் போவதில்லை, அது திரும்பத் திரும்ப வரும். ஆட்கள்தான் தீர்ந்துபோவார்கள். அதேபோல் கே3 கொஞ்சம் போதும், விற்றமின் சிதான் நிறைய வேண்டும். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஹென்றிக் டேப்பர் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1980களில் எலிகளில் இந்தக் கூட்டைச் சோதித்தார்கள். பின்னாளில் 100க்கு 1 என்ற இந்த விகிதத்தில் செய்யப்பட்ட மருந்துக்கு அபாடோன் என்று பெயர் வைத்தார்கள்.

கே1, கே2 ஏன் இந்த வேலைக்குச் சரிவராது? அவற்றில் நீண்ட பக்கச் சங்கிலி ஒன்று ஒட்டியிருக்கிறது. அதனால் அவை கே3 போல இலேசாக இலத்திரனை வாங்கிக் கொடுத்துக்கொண்டு ஓடுவதில்லை.

நல்ல கலம் தப்புகிறது, புற்றுநோய்க் கலம் மாட்டுகிறது

புண்ணில் ஐதரசன் பேரொட்சைட்டு ஊற்றினால் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரை ஒட்சிசன். நம் இரத்தத்திலும் சதையிலும் உள்ள கற்றலேசு என்ற நொதியம், பேரொட்சைட்டைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடைத்துவிடுகிறது. நொதியம் என்றால் உடலில் இரசாயன மாற்றங்களை வேகப்படுத்துகிற புரதம். கற்றலேசு நிறைய உள்ள கலம் பேரொட்சைட்டைச் சமாளித்துக்கொள்ளும். பல புற்றுநோய்க் கலங்களில் இந்த நொதியம் குறைவு. அதனால் ஒரே அளவு பேரொட்சைட்டு வந்தாலும் அவற்றுக்கு அடி பலமாக விழுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று இருக்கிறது. 1989 இல் வெளியான ஆய்வில், கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதப் புற்றுநோய்க் கலங்கள் மீது இரண்டு விற்றமின்களையும் சேர்த்து இட்டார்கள். தனித்தனியே தேவைப்பட்டதை விட 10 முதல் 50 மடங்கு குறைந்த செறிவிலேயே கலங்களின் வளர்ச்சி தடைப்பட்டது. பிறகு அதே தட்டில் கற்றலேசைச் சேர்த்துப் பார்த்தார்கள். விளைவு முழுதாக இல்லாமல் போனது! கலங்களைத் தடுத்தது பேரொட்சைட்டுத்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

பிறகு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆய்வாளர்கள் புரொஸ்டேட் புற்றுநோய்க் கலங்களில் இதைப் பார்த்தார்கள். அடிபட்ட கலம் தன் உடலின் பகுதிகளைத் துண்டு துண்டாக வெளியே கழித்துவிட்டுச் சுருங்கி இறந்தது. வழக்கமாகக் கலங்கள் இறக்கும் முறைகளிலிருந்து இது வேறாக இருந்ததால் தனிப்பெயரும் வைத்தார்கள்: ஓட்டோஸ்கைசிஸ்.

இந்த இரண்டு பகுதிகளிலும் சொன்னதை ஒன்றாக வைத்தால்: கே3 இலத்திரன்களை விற்றமின் சியிடமிருந்து ஒட்சிசனுக்குக் கடத்துகிறது, பேரொட்சைட்டு உண்டாகிறது, கற்றலேசு குறைந்த கலம் சாகிறது. "ஒட்சியேற்ற எதிரி புற்றுநோயைக் கொல்கிறது" என்று பகிரப்படுகிற வாசகம் இந்த ஆராய்ச்சி சொன்னதற்கு நேர் எதிர்.

தட்டிலிருந்து மனிதருக்கு

தட்டில் உள்ள கலத்துக்கு நாம் விரும்பிய செறிவில் எதையும் ஊற்றலாம். மனித உடலில் குடல் குறுக்கே நிற்கிறது. விற்றமின் சியை எவ்வளவுக்குக் கூட்டி விழுங்குகிறோமோ, அவ்வளவுக்கு உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது. உறிஞ்சப்பட்டதிலும் மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2004 இல் கணக்கிட்டபடி, வாயால் எவ்வளவு விழுங்கினாலும் இரத்தச் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 220 மைக்ரோமோலைத் தாண்டாது. நாளத்தில் 50 கிராம் ஏற்றினால் 13,400 வரை போகலாம். வாயால் எடுப்பதும் சேலைனோடு ஏற்றுவதும் ஒரே மருந்து என்று பேசக்கூட முடியாத அளவு வித்தியாசம் இது.

இந்தக் கூட்டை மனிதரில் பார்த்த சோதனை 2008 இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பலன் தராமல் போன 17 புரொஸ்டேட் நோயாளிகள், நாளுக்கு 5,000 மில்லிகிராம் விற்றமின் சியும் 50 மில்லிகிராம் கே3யும், வாய்வழியாக, 12 வாரம். 13 பேரில் பிஎஸ்ஏ ஏறும் வேகம் குறைந்தது. மருந்தை நிறுத்த வேண்டிய அளவுக்குப் பெரிய பக்கவிளைவு வரவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கும் அது நம்பிக்கை தருகிற செய்திதான். ஆனால் இதில் என்ன இல்லை என்றும் பாருங்கள். மருந்து எடுக்காத ஒப்பீட்டுக் குழு இல்லை. அது இல்லாவிட்டால், வேகம் தானாகக் குறைந்ததா, மருந்தால் குறைந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. அளந்தது பிஎஸ்ஏயின் வேகத்தை. கட்டி சுருங்கியதா, ஆயுள் கூடியதா என்பதற்கு இந்தச் சோதனை பதில் சொல்லும்படி அமைக்கப்படவில்லை. 17 பேர் என்பது ஒரு வான் நிறைய ஆட்கள். இப்படிப்பட்ட சோதனை "மேலே போய்ப் பார்க்கலாம்" என்று கதவைத் திறந்துவிடத்தான். இந்தக் கூட்டு இன்றைக்கும் புரொஸ்டேட் புற்றுநோய்க்கான சிகிச்சை வழிகாட்டிகளில் இடம்பெறவில்லை.

நாளத்தில் ஏற்றினால் பலன் இருக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டொசிற்றாக்சல் என்ற கீமோ மருந்தோடு விற்றமின் சியை நாளத்தில் ஏற்றிப் பார்த்த ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு 2024 இல் வந்தது. பலன் தெரியாததால் அதை இடையிலேயே நிறுத்தினார்கள்.

பெரிய சோதனை ஏன் இவ்வளவு முக்கியம்

விற்றமின் ஈயின் கதையைக் கேட்டால் இது விளங்கும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அதில் விற்றமின் ஈ எடுத்தவர்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் 32 வீதம் குறைவாக இருந்தது. 1998 இல் இது வெளியானபோது எல்லோருக்கும் உற்சாகம். செலேனியம் என்ற தாதுவைப் பற்றியும் அப்படியொரு நல்ல தடயம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே?

2001 இல் செலெக்ட் என்ற பெரிய சோதனை தொடங்கியது. 35,533 ஆண்கள், வட அமெரிக்காவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும். விற்றமின் ஈ, செலேனியம், இரண்டும் சேர்த்து, வெற்றுக் குளிசை என்று நாலு குழு. 2008 இல் பலன் இல்லை என்று குளிசைகளை நிறுத்திவிட்டார்கள். ஆட்களைத் தொடர்ந்து கவனித்தபோது 2011 இல் தெரிந்தது இன்னும் மோசம்: விற்றமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூட. ஏழு வருடத்தில் வெற்றுக் குளிசை எடுத்த 1,000 பேரில் 65 பேருக்கு நோய் என்றால், விற்றமின் ஈ எடுத்த 1,000 பேரில் 76 பேருக்கு. நோயைத் தடுப்பதற்கு என்று விழுங்கிய குளிசை அது. அந்த 11 பேரை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

விற்றமின் டியிலும் இதே பாடம். டொசிற்றாக்சலோடு கல்சிற்றிரியோல் என்ற வீரியமான டி வடிவத்தைச் சேர்த்து 250 பேரில் பார்த்தபோது ஆயுள் நீடித்ததுபோல் தெரிந்தது. 953 பேரில் பார்த்தபோது அந்தக் குழுவில் மரணங்கள் கூடியதால் இடையில் நிறுத்தினார்கள். இரு குழுக்களுக்கும் கீமோ கொடுத்த முறை வேறு என்பதால் பழியை முழுதாக விற்றமின் டிமேல் போட முடியாது. கீமோவோடு அதைச் சேர்த்தால் நல்லது என்று சொல்லவும் முடியாது.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை

2024 ஒக்டோபரில் நியூயோர்க்கின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் லொயிட் ட்ரொட்மனின் குழு புதிய முடிவொன்றை வெளியிட்டது. புரொஸ்டேட் புற்றுநோய் உள்ள எலிகளின் குடிதண்ணீரில் கே3யின் ஒரு வடிவத்தைக் கலந்து கொடுத்தபோது நோயின் வளர்ச்சி மந்தமானது. காரணத்தையும் கண்டார்கள். கலத்துக்குள் வரும் பொருட்களைத் தரம்பிரித்து உரிய இடத்துக்கு அனுப்பும் வேலைக்கு விபிஎஸ்34 என்ற நொதியம் தேவை. கே3 அதை ஒட்சியேற்றி முடக்குகிறது. கலம் தன் உள்ளேயே தடுமாறி இறக்கிறது.

எலியில் வந்த பலன் மனிதரில் வருமா என்று சோதித்துத்தான் அறிய வேண்டும். ஆனாலும் 1980களில் தொடங்கிய இழை அறுந்துபோகாமல், அதன் இயங்குமுறை கூர்மையாகிக்கொண்டு வருவது எனக்கு மகிழ்ச்சி.

கிளினிக்கில் என்ன சொல்ல வேண்டும்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகிறவரோ, மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவரோ, வீட்டில் எடுக்கிற எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை, டொக்டர் பார்த்துக்கொள்வார். ஏசுவார்கள் என்று மறைப்பதுதான் ஆபத்து.

ஏன் என்றால், கூடிய அளவு விற்றமின் சி உடலில் ஒக்சலேற்றாக மாறிச் சிறுநீரகத்தில் கல்லாகவும் சேதமாகவும் முடியலாம். அம்பாறை மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஏற்கனவே பல விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. அங்கிருந்து வருகிற நோயாளி சிறுநீரகப் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, பெரிய அளவு விற்றமின் சியும் கே3யும் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு வெளியில் தெரியாது, இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் விற்றமின் கே குளிசையைத் தானாகத் தொடங்கினால் வார்ஃபரினின் வேலை கெடும்.

இன்னுமொன்று, இதைச் சொல்ல அநேகர் மறந்துவிடுகிறார்கள். நாளத்தில் விற்றமின் சி ஏற்றியவருக்கு, வீட்டில் விரலில் குத்திப் பார்க்கிற சீனிக் கருவிகளில் சில பிழையாகக் கூடிய அளவைக் காட்டும். விற்றமின் சியைக் குளுக்கோஸ் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. அந்த அளவை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நீரிழிவும் புரொஸ்டேட் நோயும் ஒன்றாக உள்ளவர்கள் நம் பக்கம் நிறைய. எங்காவது தனியார் இடத்தில் விற்றமின் சி ஏற்றியிருந்தால், அடுத்த இன்சுலின் ஊசி போடுமுன் அதைச் சொல்லி, ஆய்வுகூடத்தில் நாள இரத்தம் எடுத்துச் சீனியைப் பார்க்கச் சொல்லுங்கள்.